அண்மையில் முடித்த தனியாள் கேம்கள்: எல்லாக் கதையிலும் யாரோ ஒரு தாத்தா வீடு எழுதிவைக்கிறாரே?

லயத்துவீடு | சனி, காலை 9:12

இரவு ஷிஃப்ட் முடித்து வந்து தூங்காமல் தட்டுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

இரண்டு மாதமாகத் தனியாள் கேம்கள்தான். மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) மழை பெய்தால் இணையமும் படுத்துவிடும். ஆன்லைனில் சண்டை நடக்கும்போது நட்டநடுவில் உறைந்து நின்று, முகம் தெரியாதவனிடம் திட்டு வாங்குவதைவிட இது மேல்.

முதலில் ப்ளூ பிரின்ஸ். 2025 ஏப்ரலில் வந்தது. சைமன் என்று 14 வயதுப் பையன். தாத்தா முறையுள்ள ஒருவர் மவுண்ட் ஹாலி என்கிற மாளிகையை அவனுக்கு உயில் எழுதிவிட்டுச் செத்துப்போகிறார். 45 அறை உள்ள வீட்டில் 46-ஆவது அறையைக் கண்டுபிடித்தால்தான் சொத்து கைக்கு வரும். ஒரு கதவைத் திறக்கும்போது மூன்று அறைகளின் வரைபடம் வரும். ஒன்றைப் பொறுக்கினால் அந்த அறை அங்கே முளைக்கும். காலையில் கையில் 50 காலடி இருக்கும், ஓர் அறைக்குள் கால் வைத்தால் ஒன்று கழியும். தீர்ந்துபோனால் அன்றைய பொழுது முடிந்தது. மறுநாள் வீடு மறுபடி காலி. இதில் பெரிய வேடிக்கை, ராத்திரி வீட்டுக்குள் தங்கக்கூடாது. வாரிசுக்கு வெளியே கூடாரத்தில்தான் படுக்கை.

முதல் வாரம் கையை எடுக்க முடியவில்லை. மகளுடைய பழைய பள்ளி நோட்டில் குறிப்பு எழுதிக்கொண்டே ஆடினேன். மூன்று பெட்டி வைத்து, எது உண்மை எது பொய் என்று கண்டுபிடிக்கும் அறை ஒன்று வரும். அதற்காகவே ஒரு பக்கம் ஒதுக்கினேன். மூன்றாவது வாரத்தில் அலுப்பு தட்டியது. விடை தெரியும், தேவையான அறை வரவே வராது. ரப்பர் தோட்டத்தில் காலையில் ஆள் எடுக்கும் பெரட்டில் பெயர் கூப்பிடுவார்கள் என்று விடியும் வரை நின்றுவிட்டு, இன்றைக்கு வேலை இல்லை என்று திருப்பி அனுப்பினால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. (பெரட்டில் நின்றது நானில்லை, என் அப்பா. ஆனால் கதை கேட்டே வளர்ந்தவன்.)

அப்புறம் வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் ஈடித் ஃபிஞ்ச். 2017-இல் வந்தது, தள்ளுபடியில் வாங்கினேன். இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். குடும்பத்தில் கடைசியாக மிஞ்சிய பெண் பழைய வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். செத்தவர்களின் அறைகளையெல்லாம் அடைத்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சாவுக்கும் ஒவ்வொரு விதமான ஆட்டம். அதில் லூயிஸ் என்கிற பையனுடைய பகுதியை மட்டும் சொல்கிறேன். இனிமேல்தான் விளையாடப் போகிறவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

லூயிஸ், மீனை டின்னில் அடைக்கும் ஆலையில் வேலை செய்கிறான். கண்ட்ரோலரின் வலது குச்சியால் மீனை இழுத்து, கத்திக்கு அடியில் வைத்து, தலை துண்டானதும் தூக்கி அந்தப் பக்கம் போட வேண்டும். இழு, வெட்டு, போடு. அதே நேரம் அவன் மனசு ஒரு கற்பனை நாட்டுக்குப் போகிறது, அங்கே இடது குச்சியால் நடக்க வேண்டும். முதலில் அந்த நாடு திரை மூலையில் சின்னதாகத் தெரியும். போகப் போகப் பெருத்து, மீனும் கத்தியும் பின்னால் மறைந்தே போகும். ஆனால் வலது கை நிற்காது. பார்க்காமலே வெட்டிக்கொண்டிருக்கும்.

நான் கையுறை ஆலையில் பதினொரு வருடம் ஆகிறது. அச்சிலிருந்து கையுறையை உருவுவதுதான் முதலில் கொடுத்த வேலை. முதல் மாதம் கை வலித்தது. மூன்றாவது மாதம், கை என்று ஒன்று இருப்பதே மறந்தது. என் வேலையைப் பற்றி யார் கேட்டாலும் இதைச் சொல்ல எனக்கு வார்த்தை வந்ததில்லை. இந்த கேம் என் இரண்டு கையையும் இரண்டு பக்கம் பிரித்துவிட்டு, இதுதானே என்று கேட்டது. முடிந்ததும் கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு தே-ஓ (பாலில்லாத தேநீர்) கலக்கிக் குடித்தேன். அன்றைக்கு ஷிஃப்டுக்குப் போக மனசே இல்லை. போனேன்.

சரி, கேள்விக்கு வருகிறேன். ஒரு கேமில் தாத்தா மாளிகை தருகிறார். இன்னொன்றில் கொள்ளுப்பாட்டி காலத்து வீட்டுக்குப் பேத்தி வருகிறாள். என் தாத்தா முப்பத்தெட்டு வருடம் தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவிப் பால் எடுத்தார். நான் நாலாம் ஆண்டு படிக்கும்போது தோட்டத்தை விற்றார்கள், நாங்கள் இருந்த லயத்தை, அந்த வரிசை வீடுகளை, இடித்தார்கள். எங்களுக்கு வந்து சேர்ந்தது ஒரு உளியும் ஒரு செம்பும். கதவைத் திறந்து 'இது என் தாத்தா வீடு' என்று கதாநாயகன் சொல்லும்போதெல்லாம் நான் விருந்தாளியாகத்தான் உள்ளே போகிறேன். உங்களில் யாருக்காவது இப்படி இருக்கிறதா? இல்லை, தூக்கம் கெட்டதால் வரும் யோசனையா?

நூறுதடவைசெத்தவன் | சனி, காலை 10:03

அண்ணே, சில்க்சாங் ஆடுங்க. அதில் உங்களுக்கு யாரும் எதுவும் எழுதிவைக்க மாட்டார்கள். சில இடத்தில் பெஞ்சில் உட்காரக்கூடக் காசு கேட்கும் 😂

லயத்துவீடு | சனி, காலை 10:10

தம்பி, பெஞ்சுக்குக் காசா? இதுதான் நம்ம ஊர் கேம்.

நூறுதடவைசெத்தவன் | சனி, காலை 10:31

உண்மையாகத்தான். 2019-இல் அறிவித்து, முதல் பாகமான ஹாலோ நைட் ஆடினவர்களையெல்லாம் காக்கவைத்து, 2025 செப்டம்பர் 4-இல் வெளியிட்டார்கள். நான் இடைநிலைப்பள்ளிக்குப் போவதற்கு முன்னாலேயே அறிவித்தது, படிவம் ஆறில்தான் கைக்கு வந்தது. தொடங்கும்போது உயிர் ஐந்து முகமூடி. பாதி எதிரிகள் ஓர் அடிக்கு இரண்டு பிடுங்கிவிடுவார்கள். கீழ்நோக்கிக் குத்தினால் நேராகப் போகாது, சாய்வாகப் போகும். அதற்குக் கை பழகவே எனக்கு நாலு நாள் ஆனது. லாஸ்ட் ஜட்ஜ் என்று ஒரு பாஸ், பெரிய எதிரி. அவரிடம் போய்ச் சேரும் பாதையே தனிச் சண்டை. அவரை ஒருவழியாகச் சாய்த்துவிட்டுக் கையைத் தூக்கினேன், செத்த ஆள் வெடித்து என்னையும் கொன்றார். பக்கத்து வீட்டு ஆயா என்னடா சத்தம் என்று வந்து எட்டிப் பார்த்தார்.

இவ்வளவு திட்டினாலும் இந்த வருடம் நான் ஆடியதில் இதுதான் முதல் இடம். ஆஸ்திரேலியாவில் ஒரு சின்னக் குழு செய்தது என்று நம்பவே முடியவில்லை.

கிராணிபேரன் | சனி, மதியம் 1:47

லயத்துவீடு கேட்டது நல்ல கேள்வி. எனக்கு அதற்கு நேரெதிரான ஒரு கேம் கிடைத்தது: ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின். லூகாஸ் போப் என்கிற ஒரே ஆள் உருவாக்கியது, 2018. பழைய கம்ப்யூட்டர் திரை மாதிரி வெறும் இரண்டே நிறம். தாமதமாகத்தான் ஆடினேன், இப்போது பார்ப்பவர்களையெல்லாம் பிடித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இதில் நீங்கள் வாரிசு இல்லை, குமாஸ்தா. 1807-ஆம் ஆண்டு. காணாமல் போன கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் ஒன்று ஆளில்லாமல் திரும்பி வருகிறது. காப்பீட்டுக் கணக்கு எழுத உங்களை அனுப்புகிறார்கள். கப்பலில் இருந்தவர்கள் 60 பேர். கையில் ஒரு மாயக் கடிகாரம், பிணத்துக்குப் பக்கத்தில் அதைத் திறந்தால் அவன் செத்த நொடி அப்படியே சிலையாக நிற்கும். சுற்றி நடந்து பார்க்கலாம், எதையும் தொட முடியாது. பெயர்ப் பட்டியல் ஒரு பக்கம், முகங்கள் ஒரு பக்கம். யார் யார், எப்படிச் செத்தார்கள் என்று பொருத்த வேண்டும். மூன்று பேருக்குச் சரியாக எழுதினால்தான் புத்தகம் ஒப்புக்கொள்ளும். ஆகவே குருட்டாம்போக்கில் அடித்துத் தப்பிக்க முடியாது.

அதில் இந்தியா என்று ஊர் போட்ட மாலுமிகளும் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டுபிடிக்கத்தான் நான் அதிகம் திணறினேன். கேப்டன், மேட், டாக்டர் எல்லாரையும் உடுப்பை வைத்தே சொல்லிவிடலாம். கீழே வேலை பார்த்தவனுக்கு உடுப்பு கிடையாது. எந்தப் பாயில் படுத்தான், அதில் என்ன எண், யாரோடு சேர்ந்து நின்றான் என்றுதான் தேட வேண்டும். ஆரம்ப அத்தியாயம் ஒன்றில் இந்திய மாலுமிகள் இரண்டு பேர் நோயில் படுத்துச் செத்துப்போகிறார்கள். ராட்சதப் பிராணிகளெல்லாம் வரும் கதையில் அந்த இரண்டு சாவுக்கு ஒரு ஆர்ப்பாட்டமும் இல்லை.

என் தாத்தா தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்கர். அவருடைய பழைய செக்ரோல் (தொழிலாளர் பெயர்ப் பதிவேடு) ஒன்று வீட்டில் இருக்கிறது. அதில் ராமசாமி என்றே ஏழு பேர். தாத்தா அவர்களை எண் போட்டுப் பிரித்திருக்கிறார். ஓப்ரா டின் முடித்த அன்று அதை எடுத்துப் பார்த்தேன். எழுதிய கையைத் தெரிகிறது, எழுதப்பட்டவர்களில் ஒருவரைக்கூடத் தெரியவில்லை.

லயத்துவீடு | சனி, மாலை 5:20

இப்போதுதான் எழுந்தேன். கிராணி வீட்டுப் பிள்ளைக்குச் செக்ரோல் கேம் பிடித்ததில் ஆச்சரியம் என்ன 😏 ஆனால் கடைசிப் பத்தியை இரண்டு தடவை படித்தேன். அந்த ஏழு ராமசாமியில் ஒருவர் எங்கள் கொள்ளுத்தாத்தாவாக இருக்கலாம். இந்தியாவிலிருந்து ரஜூலா கப்பலில் வந்தவர். எந்தத் தோட்டத்துச் செக்ரோல் என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள்.

மங்குக்காரி | சனி, இரவு 8:55

தம்பிமார்களே, நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது குறைவு. எனக்குத் தெரிந்தது ஒரே கேம், ஸ்டார்டியூ வேலி. கைப்பேசியில்தான். மகன் ஏற்றிக் கொடுத்தான். மூன்று வருடமாக ஆடுகிறேன், அவன் எப்போதோ விட்டுவிட்டான்.

அதிலும் தாத்தாதான். ஒரு கடிதம் எழுதிவைத்துவிட்டுப் போகிறார், பிரித்தால் பண்ணை. நிலம், வீடு, தபால்பெட்டி எல்லாம் தயார். மூன்றாம் வருடம் பிறக்கும்போது ஆவியாக வந்து, நீ எப்படிப் பார்த்துக்கொண்டாய் என்று மெழுகுவர்த்தி ஏற்றி மார்க் போடுவார். அதிகபட்சம் நாலு. எனக்கு முதலில் மூன்றுதான் கிடைத்தது. உயிரோடு இருந்தபோது என் மாமனார் போட்ட மார்க்கைவிட அது அதிகம்தான்.

நான் சொல்ல வந்தது வேறு. அந்த கேமில் மரத்துக்கு மரம் ஒரு வாளி மாட்டிவிடலாம். மேப்பிள் மரத்தில் மாட்டினால் ஒன்பது நாளில் பாகு தயார். மாட்டிவிட்டு நீங்கள் மீன்பிடிக்கப் போகலாம்! முதல் தடவை அதைப் பார்த்தபோது சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்குப் பதினாறு வயதில் அம்மாவோடு பால் வெட்ட நிரைக்கு (மர வரிசைக்கு) போனவள் நான். விடிவதற்கு முன்னால் நெற்றியில் விளக்கு. வெயில் ஏறிவிட்டால் பால் குறைந்துவிடும், அதனால்தான் அந்த அவசரம். இடமிருந்து வலமாகச் சரிவாக வெட்டு. பட்டையில் ஒரு மெல்லிய சீவல்தான் எடுக்க வேண்டும். ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், அந்த இடம் முண்டு விழுந்துவிடும், திட்டு நமக்கு. மேலோட்டமாகப் போனால் பால் வராது. கடைசி மரம் முடித்துவிட்டு முதல் மரத்துக்குத் திரும்பி வந்து பால் வடிந்த கிண்ணங்களை மங்கு மங்காக ஊற்றி, காண்டா வாளியில் சுமந்துகொண்டு ஸ்டோருக்குப் போனால் அங்கே வரிசை. நிறுத்துவிட்டு, பாலின் அடர்த்தி பார்க்கும் மெட்ரோலாக்கை உள்ளே விட்டுப் பார்த்து, தண்ணீர் சேர்ந்திருக்கு என்று முகத்துக்கு நேராகச் சொல்வார்கள். மழைத் தண்ணீர் ஐயா, நானா ஊற்றினேன்?

ஸ்டார்டியூவில் ஒரு பெட்டி இருக்கிறது. விளைந்ததை அதில் போட்டுவிட்டுத் தூங்கப் போனால் காலையில் பணம். நிறுக்கிறவன் இல்லை, வரிசை இல்லை. மழை பெய்தால் இன்னும் சந்தோஷம், அன்றைக்குச் செடிக்கு நீர் ஊற்ற வேண்டாம். தோட்டத்தில் மழை என்றால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் வீட்டில் எல்லார் முகமும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

லயத்துவீடு தம்பி, விருந்தாளி மாதிரி இருக்கிறது என்றீர்களே, எனக்கு அப்படி இல்லை. யாருடைய தாத்தாவாக இருந்தால் என்ன, கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். என் பண்ணைக்கு எங்கள் பழைய டிவிஷன் பெயரைத்தான் வைத்திருக்கிறேன்.

கிராணிபேரன் | சனி, இரவு 9:30

அக்கா, அருமை. ஆனால் ஒரு வம்பு இழுக்கிறேன். ஜூனிமோ குடிசை கட்டிவிட்டீர்களா? 20,000 காசு கொடுத்துக் கட்டினால், அந்தக் குட்டி உருண்டைகள் வந்து குடிசையில் தங்கி, சம்பளம் கேட்காமல் உங்கள் வயலை அறுத்துக் கொடுக்கும். வரிசையாக நாலு குடிசை கட்டி வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது லயம் இல்லாமல் வேறு என்ன? நீங்கள் துரை ஆகிவிட்டீர்கள் அக்கா.

மங்குக்காரி | சனி, இரவு 9:41

இரண்டு கட்டியிருக்கிறேன். மழை பெய்தால் அதுங்கள் வேலைக்கு வராது, கவனித்தீர்களா? குளிர்காலத்திலும் வராது. ஒரு வார்த்தை கேட்டதில்லை நான். இப்படி ஒரு துரையை உங்கள் தாத்தா பார்த்திருப்பாரா?

நூறுதடவைசெத்தவன் | சனி, இரவு 9:43

அக்கா ஒரே அடியில் முடித்துவிட்டார் 💀

கிராணிபேரன் | சனி, இரவு 10:15

ஒப்புக்கொள்கிறேன், தோற்றேன்.

ஆனால் லயத்துவீடு சொன்ன 'ஒரு உளியும் ஒரு செம்பும்' பற்றி ஒன்று. தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற காலத்தில், தொழிலாளர்களே காசு சேர்த்துத் தோட்டம் வாங்கியதும் நடந்திருக்கிறது. நம் ஊர் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் அதற்காகத்தான். அதையும் சேர்த்துப் பேசினால்தான் கணக்கு சரியாக இருக்கும். பண்ணை கேம் செய்கிறவர்கள் யாராவது அந்தக் கதையை எடுத்தால் முதல் நாளே வாங்குவேன். கூட்டம் போட்டு, வீடு வீடாகப் போய்ப் பங்கு சேர்ப்பதே பாதி ஆட்டமாக இருக்கும்.

லயத்துவீடு | சனி, இரவு 10:22

தெரியும் அண்ணே. எங்கள் தோட்டத்துக்கு அது வந்து சேரவில்லை. ஷிஃப்டுக்குக் கிளம்புகிறேன்.

ஈப்போரோடு | ஞாயிறு, காலை 7:50

லாரி ஓட்டுகிறவன். வாரத்தில் ஒரு நாள்தான் கேம். ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு கடையில் பழைய கன்சோல் வாங்கி, இரண்டே வாரத்தில் விசிறி நின்றுபோய், திருப்பித் தர முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள். எந்தக் கடை என்று சொல்லவில்லை, வயிற்றெரிச்சல் போதும். இப்போது மச்சானுடைய கம்ப்யூட்டரில் ஆடுகிறேன்.

கிங்டம் கம்: டெலிவரன்ஸ், முதல் பாகம், 2018. எல்லாரும் இரண்டாம் பாகத்தைப் பற்றிப் பேசுகிறார்கள், நான் அங்கே போக இன்னும் நாள் ஆகும். 1403-இல் பொஹீமியா, இன்றைய செக் நாடு. ஹென்றி என்று ஒரு கொல்லன் மகன். வாள் பிடிக்கத் தெரியாது, வில் விட்டால் தன் கையையே சிராய்த்துக்கொள்வான். நினைத்த இடத்தில் சேவ் பண்ண ஒரு சாராயம் குடிக்க வேண்டும். அதிகம் குடித்தால் போதை. இதை யோசித்தவரைத் தேடிப் பிடித்து ஒரு டைகர் பீர் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

நான் சொல்ல வந்தது படிப்பு. ஹென்றிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் இடம் மாறிக் குழம்பிக் கிடக்கும். ஒரு ஊரில் எழுத்தர் ஒருவர் இருப்பார், அவரிடம் போய்க் கற்றுக்கொள்ள வேண்டும். கற்ற பிறகும் உடனே தெளியாது. படிக்கப் படிக்க, வரிக்கு வரி, சொல் ஒவ்வொன்றாக நேராகும். எங்கள் ஆத்தா கடைசி வரை பெருவிரல்தான். தீபாவளி அட்டை வந்தால் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பூப்படத்தைப் பார்க்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சண்டை ரொம்பக் கஷ்டம். பாதியில் விட்டாலும் விடுவேன்.

நூறுதடவைசெத்தவன் | ஞாயிறு, காலை 11:20

அங்கிள், விடாதீங்க. முதல் பத்து மணி நேரம் அடி வாங்கித்தான் ஆகணும்.

வாரிசுக் கணக்கில் யாரும் கிளேர் ஆப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33 பற்றிச் சொல்லவில்லையே? 2025-இல் விருதெல்லாம் அள்ளியது. பிரான்சில் மோன்பெலியே ஊரில் செய்தது. ஒரு பெரிய பெண் உருவம் வருடத்துக்கு ஒரு தடவை எழுந்து ஓர் எண்ணை எழுதும். அந்த வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் பூவிதழாகக் கரைந்துபோவார்கள். வருடா வருடம் எண் ஒன்று குறையும். அதை நிறுத்த ஒரு படை கிளம்பும், யாரும் திரும்பி வந்ததில்லை. இங்கே தாத்தா வீடு தருவதற்கு தாத்தா என்று ஒரு ஆளே கிடையாது, எல்லாரும் சின்ன வயதுக்காரர்கள். முன்னால் போய்ச் செத்த படைகள் வழியில் விட்டுப்போன நாட்குறிப்புகளும், பாறையில் அடித்துவைத்த பிடிமானங்களும்தான் சொத்து. நாம் அதைப் பிடித்து ஏறிப் போகணும்.

சண்டை முறைவைத்து நடக்கும், ஆனால் எதிரி அடிக்கும் நொடியில் பட்டனைத் தட்டித் தடுக்கணும். ஓர் இடத்தில் இப்படித்தான் என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருக்கும்போது

நெறியாளர் | ஞாயிறு, காலை 11:34

மேலே உள்ள பதிவின் கடைசிப் பகுதியை வெட்டியது நான்தான். தம்பி, முடிவைப் பச்சையாக எழுதாதீர்கள். அந்த கேமுக்குத் தனி இழை உண்டு.

நூறுதடவைசெத்தவன் | ஞாயிறு, காலை 11:36

மன்னிக்கவும் 🙏 ஆர்வம்.

கிராணிபேரன் | ஞாயிறு, மதியம் 2:05

வாரிசு என்று பேச்சு வந்த பிறகு வெண்பா என்கிற கேமைச் சொல்லாமல் விட்டால் நம் ஆட்கள் கோபித்துக்கொள்வார்கள். 2023-இல் வந்தது. 1980-களில் கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம். அம்மா வெண்பா கொண்டுவந்த சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்து, கறைபட்டுக் கிடக்கிறது. அழிந்த வரியை நாமே யோசித்து நிரப்பிச் சமைக்க வேண்டும். பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் அறிமுக கேமுக்கான விருதும் வாங்கியது. எல்லாரும் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது, புதிர்களும் எளிது. கண்ணீர் வரவைப்பதில் இருக்கும் கவனம் ஆட்டத்தில் இல்லை. தமிழ் என்பதற்காகத் தட்டிக்கொடுக்க மாட்டேன்.

மங்குக்காரி | ஞாயிறு, மதியம் 2:30

மகனுடைய சுவிட்ச் கன்சோலில் வரும்தானே? இன்றைக்குக் கேட்டு வாங்கிப் பார்க்கிறேன்.

மங்குக்காரி | ஞாயிறு, இரவு 10:48

முடித்துவிட்டேன். நான் முடிக்கவில்லை, அம்மா முடித்தார் என்று சொல்லலாம்.

மகன் டிவியில் இணைத்துக் கொடுத்தான். முதல் சமையலே இட்லி. குறிப்பில் பாதி அழிந்திருக்கிறது. நான் தட்டை எடுத்து எடுத்து அடுக்குகிறேன், சரியாக வரவில்லை. அம்மா சோபாவில் தூங்குகிற மாதிரி இருந்தார். எழுபத்து நாலு வயது, தமிழும் படிக்கத் தெரியாது, திரையில் வரும் இங்கிலீஷும் தெரியாது. கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏன்டி, குழிக்கு மேல குழி வச்சா ஆவி எங்கடி போகும்? தட்டைத் திருப்பு" என்றார். திருப்பினேன். சரியாகிவிட்டது. மகன் எழுந்து நின்று கைதட்டினான்.

அதற்கப்புறம் தூக்கமே இல்லை அவருக்கு. அடுத்தது என்ன, அடுத்தது என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தார். புட்டு வந்தபோது நான் கையை வைப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார். பிரியாணியில் மட்டும் கொஞ்சம் சண்டை. அவர் சொன்ன வரிசையில் அது நடக்கவில்லை, "இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது" என்று வெண்பாவைத் திட்டினார். சமைக்கும்போது ரேடியோவில் பாட்டு ஓடும். எல்லாம் இந்த கேமுக்காகவே போட்ட பாட்டு என்று மகன் சொன்னான், அம்மா நம்பவில்லை. பழைய பாட்டுத்தான், தோட்டத்துக் கொட்டகையில் கேட்டிருக்கிறேன் என்று அடித்துச் சொல்லிவிட்டார்.

வளர்ந்த பையன் அதே புத்தகத்தைக் கையில் எடுத்து, தமிழ் எழுத்தைப் படிக்கத் தடுமாறுவான். அந்த இடத்தில் என் மகன் பேசாமல் உட்கார்ந்திருந்தான். தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பவில்லை நாங்கள். வீட்டுக்குப் பக்கத்தில் இல்லை, அதுதான் அப்போது காரணம்.

கிராணிபேரன் தம்பி, புதிர் எளிது என்றீர்கள். உங்கள் வீட்டில் இட்லி யார் ஊற்றுவது?

கிராணிபேரன் | ஞாயிறு, இரவு 11:02

மனைவி.

மங்குக்காரி | ஞாயிறு, இரவு 11:03

அப்படியானால் நீங்கள் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டுத்தான் தட்டை அடுக்கியிருக்கிறீர்கள்.

கிராணிபேரன் | ஞாயிறு, இரவு 11:09

…ஒரே ஒரு இடத்தில்.

ஈப்போரோடு | திங்கள், காலை 5:40

சிரித்துக்கொண்டே லாரி ஏறுகிறேன். அக்கா, அம்மாவை எனக்கும் கொஞ்சம் கடன் கொடுங்கள், ஹென்றிக்கு ரசவாதத்தில் மூலிகை எந்த வரிசையில் போடுவது என்றே தெரியவில்லை.

லயத்துவீடு | திங்கள், காலை 8:58

ஷிஃப்ட் முடிந்தது. எல்லாவற்றையும் இப்போதுதான் படித்தேன். கிராணிபேரன் அண்ணே, செக்ரோல் படம் வந்தது, நன்றி. அப்பாவிடம் காட்டினேன். ஏழு பேரில் நாலாவது ராமசாமிக்குப் பக்கத்தில் 'நொண்டி' என்று சின்னதாக எழுதியிருக்கிறது பாருங்கள், அவராக இருக்கலாம் என்கிறார். கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு கால் குட்டை. நிச்சயமாகச் சொல்ல வராது. இன்னும் இரண்டு பெயர் கிடைத்தால்தான் உங்கள் புத்தகம் ஒப்புக்கொள்ளும், இல்லையா?

வெண்பாவை ஆசை பட்டியலில் போட்டிருக்கிறேன். சில்க்சாங் வேண்டாம் தம்பி, எனக்கு ரத்தக்கொதிப்பு.

மங்குக்காரி | திங்கள், காலை 9:15

தம்பி, அந்த உளி எப்படி இருக்கிறது? சும்மா ஆணியில் மாட்டி வைத்தால் துரு ஏறிவிடும். துடைத்துவிட்டுத் தேங்காயெண்ணெய் தடவி வையுங்கள்.

லயத்துவீடு | திங்கள், காலை 9:40

தடவிவிட்டேன் அக்கா. கொஞ்சம் துரு இருந்தது.

ப்ளூ பிரின்ஸ் மறுபடி திறந்தேன். முப்பத்தோராவது நாள். இன்னும் 12 காலடி மிச்சம், முன்னால் ஒரே ஒரு கதவு, பூட்டியிருக்கிறது, கையில் சாவி இல்லை. கூடாரத்துக்குப் போகிறேன்.